குழந்தைகளுக்கு கிரேப் ஜூஸ் உண்டு

அங்கிளுக்குக் குளிரெடுத்தால், "பின்னாடி குழந்தைக்குக் குளிருது பாருங்க, ஹீட்டரைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். ஒரு தடவை என் கணவர் அவரை ரயில் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டி வந்தபோதும் பழக்க தோஷத்தில் அதையே சொன்னார். எங்கள் காரில் ஏது குழந்தை. பின் சீட்டில் இருந்தது ஒரு மூட்டை வெங்காயம். என் கணவர் ஹீட்டரை ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் அவரை நினைத்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருந்த சின்ன வீடு அவருடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி வந்து இறங்கியபோது அவர் அங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பெயிண்ட் கம்பெனி ஒன்றில் கெமிக்கல் எஞ்சினியர். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயதிருக்கும். அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் அவர் அங்கிள், அவர் மனைவி ஆன்ட்டி. அவ்வளவுதான். ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டுமா, பழைய கார் வாங்க வேண்டுமா, எந்தக் கடையில் உளுத்தம் பருப்பு கிடைக்கும் என்று தெரிய வேண்டுமா, அவருக்கு ஃபோன் பண்ணினால் போதும். ஆனால் அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால், அது எப்போதும் இன்னொருத்தருக்கு வேண்டியதாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் பேப்பரும் கையுமாக வந்து வாசலில் நிற்பார். "ஆன்ட்டிக்கு உங்க வீட்டு டிகாஷன்னா ரொம்பப் பிடிக்கும்மா" என்பார். ஆன்ட்டி பின்னாலேயே வந்து, "நான் காபியை விட்டு நாலு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருவார். நான் ஒரே ஒரு டம்ளர் கொண்டுவந்து யாரிடமும் கொடுக்காமல் நடுவில் வைப்பேன். அங்கிள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஆறிடும்" என்று எடுத்துக்கொள்வார்.

விருந்துகளில் இன்னும் வேடிக்கை. எங்கள் கூட்டத்தில் ஒரு டாக்டர் உண்டு. அவருக்குச் சர்க்கரை. அங்கிள் அவர் பக்கத்தில்தான் உட்காருவார். "டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடும்மா, கேக்கக் கூச்சப்படறார்" என்பார். டாக்டர் இரண்டு கையாலும் கப்பை மூடிக்கொள்வார். கரண்டி அந்தரத்தில் நிற்கும். "எடுத்ததைத் திருப்பி ஊத்தக் கூடாது, இங்க விட்டுடு" என்று அங்கிள் தன் கப்பை நீட்டுவார். "இது யாருக்கு அங்கிள்?" என்று நாங்கள் எல்லாரும் கோரஸாகக் கேட்போம். அவருக்குக் காது மட்டும் சிவக்கும்.

இது ஏன் இப்படி என்று ஆன்ட்டியிடம் ஒரு தடவை கேட்டேன். "எட்டுப் பேர்ல மூத்தவர். தனக்குன்னு ஒண்ணு கேட்டா ஏழு பேர் திரும்பிப் பாப்பாங்க. வாய் அப்படியே பழகிடுச்சு" என்றார். பிறகு, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட, எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னுதான் சொன்னார். மாமியார் அன்னைக்கு வரவே இல்ல" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் எல்லாருக்கும் ட்ரிப் ப்ளான் போட்டுக் கொடுப்பவரும் அங்கிள்தான். கார் வைத்திருப்பவர்களுக்கான ஆட்டோ கிளப்பிலிருந்து மேப் வாங்கி, போகும் வழியை மஞ்சள் பேனாவால் தீட்டுவார். பிறகு கிராஃப் தாளில் தமிழில் கையால் எழுதுவார். ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் எடுக்கும்போது யாராவது பார்த்தாலும் புரியக் கூடாது என்பதற்காகத்தான் தமிழ் என்று சொல்லுவார். காலை ஐந்தேகாலுக்குக் கார் நகர வேண்டும். ஏழு மணிக்கு ரெஸ்ட் ஏரியா, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஆளுக்கு நாலு. 'குழந்தை வாந்தி: 15 நிமிஷம்' என்று அதற்கும் ஒரு வரி இருக்கும். மோட்டலில் எந்த அறையில் ரைஸ் குக்கர் வைப்பது, அது ஸ்மோக் அலாரத்துக்கு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருப்பார். நயாகரா, வாஷிங்டன் எல்லாம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு போய் வந்தவைதான்.

அவர்களுக்கு ஒரே பையன். அவனைப் பற்றிக் கேட்டால், "அப்ஸ்டேட்ல இருக்கான், அக்ரிகல்சர் ரிசர்ச்" என்பார் அங்கிள். நாங்களும் நம்பினோம். நடந்தது வேறு. பையன் எஞ்சினியரிங் மூன்றாவது வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டான். நியூயார்க் மாநிலத்தின் நடுவில், ஃபிங்கர் லேக்ஸ் என்று நீள நீளமாக ஏரிகள் இருக்கிற பக்கம், லீவுக்குத் திராட்சை பறிக்கப் போனவன் அங்கேயே ஒரு வைன் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வெங்காயம் பூண்டுகூடச் சில நாள் சேர்க்காத வீடு அது. "டிகிரியோட வந்தா கதவு திறந்திருக்கும்" என்று அங்கிள் சொன்னாராம். பையன் வரவில்லை. இரண்டு வருஷமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. ஆன்ட்டி மட்டும் அங்கிள் ஆபீஸ் போன பிறகு மகனுக்கு ஃபோன் பண்ணுவார். மாசக் கடைசியில் ஃபோன் பில் வரும். அதில் ஒரே வெளியூர் நம்பர் எட்டுத் தடவை அச்சடித்திருக்கும். அங்கிள் அதைப் பார்ப்பார், மடித்து வைப்பார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் அந்த நம்பரின் முதல் மூன்று எண்ணைக் கொண்டுபோய் டெலிஃபோன் டைரக்டரியின் முன்பக்க மேப்பில் தேடி, அது எந்த ஏரிப் பக்கம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

அந்த வருஷம் அக்டோபரில் கொலம்பஸ் டேயோடு சேர்ந்த மூன்று நாள் லாங் வீக்கெண்டுக்கு மூன்று குடும்பம் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தது. நாங்கள், டாக்டர் குடும்பம், அங்கிள் ஆன்ட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் அங்கிள் வீட்டில் கூடினோம். என் மாமியார் திருச்சியிலிருந்து வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. அவர் மட்டும் வரவில்லை. டிவியில் மல்யுத்தம் வருகிற நேரம் அது. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எந்த மல்லன் நல்லவன், எவன் அயோக்கியன் என்று அத்துப்படி.

அங்கிள் எல்லாருக்கும் ஜெராக்ஸ் கொடுத்தார். ஃபிங்கர் லேக்ஸ். "டாக்டர் பசங்க ஏரி பாக்கணும், ஏரி பாக்கணும்னு ஒரே தொந்தரவு" என்றார். டாக்டர் பசங்க கார்ப்பெட்டில் படுத்துக்கொண்டு, மோட்டலில் ஸ்விம்மிங் பூல் இருக்கிறதா என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டார்கள். தாளில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. அருவி, ஏரிக்கரையில் புளியோதரை, படகு. சனிக்கிழமைக்கு நேராக ஒரு வரி: 12.40 – 2.10, வைன் செய்யும் இடம். விருப்பமுள்ளவர்கள் மட்டும். குழந்தைகளுக்கு கிரேப் ஜூஸ் உண்டு. மறுநாளுக்குப் பீர் காய்ச்சும் இடம் ஒன்றும் போட்டிருந்தார். ஒன்றே ஒன்று இருந்தால் கண்ணை உறுத்தும் என்று அதையும் சேர்த்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

"என்ன அங்கிள், திடீர்னு வைன், பீர்னு கெளம்பிட்டீங்க?" என்றார் டாக்டரின் மனைவி.

"எனக்கென்னம்மா, நான் தொடறதில்ல. பசங்களுக்கு எஜுகேஷனல். ஃபெர்மெண்டேஷன் எப்படி நடக்குதுன்னு பாப்பாங்க. அதோட டாக்டரும் பாக்கணும்னார்."

டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் மறுக்கவில்லை. ஒரு கிளாஸ் கிடைத்தால் அவருக்கு வேண்டாம் என்றில்லை. என் கணவர் ஏற்கெனவே மேப்பைப் பிரித்துவிட்டார். எல்லாரும் சரி என்றாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாசத்தில் போய்விட்டது. இரண்டாவது போனது அந்த ஆகஸ்டில். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. அத்தை ஒரு நாள்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, அதுவே எனக்குப் பாரமாக இருந்தது. அந்த லாங் வீக்கெண்டின் சனிக்கிழமை புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குப் பிட்ஸ்பர்க் பெருமாள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார், எதற்கு என்று சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

"அங்கிள், ஒண்ணு சொல்லலாமா" என்றேன். "அத்தை அடுத்த மாசம் ஊருக்குத் திரும்பறாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு பிட்ஸ்பர்க் கோயில் பாக்காமப் போறோமேன்னு அவங்களுக்கு மனசுக்குள்ள இருக்கு. புரட்டாசி சனிக்கிழமை வேற. அன்னைக்குப் போய் அவங்களை வைன் பீப்பாய் பாக்கக் கூட்டிட்டுப் போறதா?"

அவ்வளவுதான். மாமியார், ஊருக்குத் திரும்புவது, பெருமாள், புரட்டாசி. எங்கள் கூட்டத்தில் இதற்கு மேல் யார் எதிர்த்துப் பேச முடியும். டாக்டரின் மனைவி, "அய்யோ, ஆமாம், கடைசிச் சனிக்கிழமை" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கணவர் மட்டும் என்னை விநோதமாகப் பார்த்தார். அவர் அம்மா கோயில் என்று கேட்டதே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அங்கிளும் என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். சமையலறை வாசலில் ஆன்ட்டி பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தார். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து ஒரு பஜ்ஜி கீழே விழுந்தது. ஆன்ட்டி அதை எடுக்காமல் உள்ளே போய்விட்டார். எண்ணெய் காய்கிறது போல என்று நினைத்தேன்.

"பெரியவங்க ஆசைப்படறாங்கன்னா அதுக்கு மேல என்ன இருக்கு" என்றார் அங்கிள். எல்லாரிடமிருந்தும் ஜெராக்ஸைத் திரும்ப வாங்கி, நாலு மூலையும் சரியாக வைத்து மடித்தார். புதன்கிழமை பிட்ஸ்பர்க் ப்ளான் வந்துவிட்டது. அதே கிராஃப் தாள், அதே இட்லி.

பிட்ஸ்பர்க்கில் கூட்டம் தாங்கவில்லை. வரிசையில் நின்று, பெருமாள் முன்னால் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எனக்கு வேண்டும் என்றே கேட்டேன். பிறகு கோயிலின் கீழ்த்தளத்தில் எல்லாரும் பேப்பர் தட்டில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை சுற்றிலும் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கோயில் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்ரீரங்கத்தை வீட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதுக்கா இத்தனை மைல் வந்தோம்? ஏதோ ஏரின்னு சொன்னாங்களே, அதைப் பாத்திருக்கலாம்."

டாக்டரின் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதற்குள் அங்கிள் எழுந்துவிட்டார். "அம்மாவுக்குத் தயிர் சாதம் வேணுமாம், நான் வாங்கிட்டு வரேன்" என்று வரிசைக்குப் போனார். அத்தை தயிர் சாதம் கேட்கவே இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்து கொடுத்ததும் பேச்சு அதோடு தயிர் புளிப்பா இல்லையா என்பதற்குத் திரும்பிவிட்டது. அவர் என்னைக் காப்பாற்றினார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்ல வேளை என்று மட்டும் நினைத்தேன்.

ஜனவரியில் பொங்கலுக்கு டாக்டர் வீட்டில் சாப்பாடு. பாயசக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிள் டாக்டரைக் கேட்டார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர். மாடி ஏறினா இடது தோள்பட்டையில ஒரு இழுப்பு வருதுங்கறார். வாயுவா இருக்குமா?"

"என்ன வயசு?"

"நம்ம வயசுதான்."

"வாயுவெல்லாம் இல்ல. உடனே ஹார்ட்டுக்கு ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. தள்ளிப் போட வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் அங்கிள்.

நாங்கள் ஆறு பேர் அந்த மேஜையில் இருந்தோம். ஹீட்டருக்கும் காபிக்கும் பாயசத்துக்கும் 'இது யாருக்கு அங்கிள்' என்று கோரஸ் பாடியவர்கள். அன்றைக்கு ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை. டாக்டர் அதற்குப் பிறகு அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். வேறு மேஜை வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, ராத்திரியெல்லாம் பெய்த பனியைக் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் தள்ளிக்கொண்டிருந்தபோது அங்கிள் விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஃப்யூனரல் ஹோமில்தான் அவர் மகனை முதல் தடவையாகப் பார்த்தேன். உயரமாக, அங்கிளின் அதே காதுகளோடு இருந்தான். கையெல்லாம் வெட்டும் வெடிப்புமாக இருந்தது. குளிர்காலத்தில் திராட்சைக் கொடிகளை நறுக்குகிற வேலையாம். நியூயார்க் குவீன்ஸிலிருந்து வந்த சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல அந்தக் கையால் எல்லாவற்றையும் செய்தான். அழவில்லை. எனக்கு அவனைப் பார்த்து முதலில் கோபம்தான் வந்தது. இப்போது வந்து என்ன என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று மூன்றாம் நாள் தெரிந்தது.

இன்ஷூரன்ஸ் பேப்பர் தேட வேண்டும் என்று ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டிருந்தார். அங்கிளின் இரும்பு அலமாரியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் லேபிள் ஒட்டியிருந்தது. நானும் பையனும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'ட்ரிப்ஸ்' என்ற ஃபைலை அவன் எடுத்தான். மேலேயே இருந்தது ஃபிங்கர் லேக்ஸ் தாள், ஜெராக்ஸ் எடுப்பதற்கு முந்தைய ஒரிஜினல். அதோடு சேர்த்துச் செருகியிருந்த மேப் மட்டும்தான் அவனுக்குப் புரிந்தது. மஞ்சள் கோடு அவன் வேலை செய்யும் ஊரில் போய் நின்றிருந்தது. அவனுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது.

"ஆன்ட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றான் என்னிடம்.

நான் படித்தேன். வேறு யார் படிப்பது. காலை ஐந்தேகாலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பன்னிரண்டு நாற்பது முதல் இரண்டு பத்து வரை, வைன் செய்யும் இடம். விருப்பமுள்ளவர்கள் மட்டும். குழந்தைகளுக்கு கிரேப் ஜூஸ் உண்டு. அதற்குக் கீழே எங்களுக்குக் கொடுத்த ஜெராக்ஸில் இல்லாத ஒரு வரி பென்சிலில் இருந்தது. 'சனிக்கிழமை வேலைக்கு வருகிறானாம். ஃபோனில் கேட்டாச்சு.'

பையன் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். செப்டம்பர் கடைசியில் யாரோ ஒருத்தர் அங்கே ஃபோன் பண்ணி, உங்களிடம் ஒரு இந்தியப் பையன் இருக்கிறானாமே, அந்தச் சனிக்கிழமை வேலைக்கு வருவானா, என் நண்பர் ஒருவர் அவனைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டாராம். முதலாளி வந்து இவனிடம் சொல்லியிருக்கிறார். நண்பர் என்றதும் இவனுக்கு யாரென்று புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு இல்லையா. அது அறுவடை நேரம், தோட்டத்தில்தான் வேலை. ஆனால் அன்றைக்கு மட்டும் கெஞ்சி, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் கவுண்டரில் நிற்க அனுமதி வாங்கியிருக்கிறான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் கடையைச் சாத்தும் வரை அங்கேயே நின்றிருக்கிறான்.

"அப்பா மனசு மாறிட்டார்னு நெனச்சேன்" என்றான், தமிழில். "என்னைப் பாக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டார்னு நெனச்சேன்."

ஃபைலில் அடுத்த தாளும் அதே ஏரிதான். 'மே, மெமோரியல் டே' என்று தலைப்புப் போட்டு, காலை ஐந்தேகால், ஏழு மணி இட்லி என்பது வரை எழுதி, மீதி வெறுமையாக இருந்தது. அதை நான் படித்துக் காட்டவில்லை, ஃபைலை மூடினேன். எனக்கு அப்போது நாள் தள்ளிப்போய் மூன்றாவது மாசம். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பையன், கர்ப்பத்தின் சங்கதி எதுவும் தெரியாமல், எனக்கு அவன் அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பான்.

இந்தத் தடவை குழந்தை தங்கியது. பெருமாள் கொடுத்தார் என்று அத்தை திருச்சியிலிருந்து கடிதம் எழுதினார். நான் பதில் எழுதவில்லை.

ஜூன் மாசம் ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு மகனோடு கிளம்பினார். அவன் ஒரு பழைய பிக்கப் டிரக் கொண்டுவந்திருந்தான். சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஆன்ட்டியைக் காலியான சமையலறைக்குள் கூப்பிட்டேன். ஏழு மாச வயிற்றோடு அவர் முன்னால் நின்றேன். நாலு மாசமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாதது.

"ஆன்ட்டி, அன்னைக்குப் பிட்ஸ்பர்க் போகணும்னு அத்தை கேக்கல. நான்தான் கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன். அங்கிள் எங்க போக நெனச்சார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா..."

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியும்மா" என்றார். "நீங்க எல்லாரும் போனதும் நான் அவர்கிட்டச் சண்டை போட்டேன். வாயைத் திறந்து என் பையனைப் பாக்கணும்னு சொன்னா என்ன, யார் குறுக்க நிக்கப் போறாங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர், இல்ல, அந்தப் பொண்ணு மாமியாருக்காகக் கேக்கல, தனக்குத்தான் கேக்கறா, குரல்லயே தெரியுது, எனக்குத் தெரியாதா அந்தக் குரல்னார். அவளுக்கு ஏதோ அவசரமா வேண்டியிருக்கு, நம்ம ஏரி எங்க போயிடப் போகுது, ஸ்பிரிங்ல பாத்துக்கலாம்னார்."

வெளியே பையன் ஹாரன் அடித்தான். ஆன்ட்டி என் வயிற்றில் கையை வைத்துவிட்டுப் போனார்.

மகளுக்கு மூன்று வயதானபோது நாங்கள் அந்த ஏரிக்குப் போனோம். அங்கிளின் தாளின் ஒரு பிரதி என்னிடம் இருந்தது, பையன் கொடுத்தது. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டோம். மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒன்றுக்குத்தான் அவர் நேரம் ஒதுக்கியிருந்தார். போய்ச் சேர ஒன்றேகால் ஆகிவிட்டது. ஏரி நீலமாக, கண்ணுக்கு எட்டுகிற வரை நீளமாகக் கிடந்தது. கவுண்டரில் பையன் நின்றிருந்தான். ஆன்ட்டி ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டார்.

பையன் ஒரு சின்ன கிளாஸில் கிரேப் ஜூஸ் ஊற்றி மகளிடம் கொடுத்தான். பிறகு இன்னொரு கிளாஸை எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு?" என்றான்.

குழந்தைக்கு மட்டும் போதும்ப்பா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"எனக்கும் வேணும்" என்றேன்.